எமிலியானாவின் ஐந்து சிவப்புகள்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை பின்னேரம் அகஸ்ரின் அந்த அட்டையைச் சமையலறை மேசையில் கண்டான். அதிலிருந்து சனிக்கிழமை விடியும்வரை அவனும் மனைவி எமிலியானாவும் பத்து வசனங்கூடக் கதைக்கவில்லை.

அட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 'எமிலியானாவின் ஐந்து சிவப்புகள். ஏழு யூரோவிலிருந்து நாற்பத்தைந்து யூரோ வரை, அவர் தெரிந்தெடுத்தவை. சனிக்கிழமை, மாலை நான்கு மணி' என்று இத்தாலியனில் அச்சடித்திருந்தது. கீழே கடையின் பெயர். மகள் அனிற்றா அதைப் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்திருந்தாள். சாப்பிட வந்தபோது மேசையில் மறந்து விட்டுவிட்டாள்.

எமிலியானா ஆறு வருடமாக ஒரு வைன் கடையில் வேலை செய்வது அகஸ்ரினுக்குத் தெரியும். கூட்டித் துடைக்கிறாள், பெட்டி அடுக்குகிறாள், காசு வாங்கிப் போடுகிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவள் வைனை வாயில் வைத்துச் சுவை பார்க்கிறாள், எந்தப் போத்தலை வாங்கலாம் என்று பலெர்மோ நகரத்து இத்தாலியருக்கே சொல்கிறாள் என்பது தெரியாது. அவள் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. நான்கு வருடமும் இரண்டு மாதமுமாக அந்த வீட்டுக்குள் ஒரு போத்தலும் வந்ததில்லை. அனிற்றா உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனத்தைப் பெற்ற ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் தகப்பனுக்கென்று விட்ட இடம் கடைசிவரை வெறுமையாகக் கிடந்தது. அகஸ்ரின் அந்த நேரம் பல்லரோச் சந்தையில், பூட்டியிருந்த மீன்கடை ஒன்றின் பலகையில் படுத்து நித்திரை. அடுத்த செவ்வாய்க்கிழமை, குடியை விட்டவர்கள் பங்கு மண்டபத்தில் கூடும் குழுவுக்கு அவன் தானாகப் போனான். அதற்குப் பிறகு ஒரு செவ்வாயும் தவறவில்லை. அப்படிப்பட்டவனிடம் வந்து, இன்றைக்கு நல்ல வைன் ஒன்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி மூன்று வருடம் போய்விட்டது.

"நீர் குடிக்கிறனீரோ?" என்று அன்று அவன் கேட்டான்.

"இல்லை. வாயிலை வைச்சுப் பார்த்திட்டுத் துப்பிப்போடுவன்."

"எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

அதற்குமேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் பயந்தது அந்தக் கேட்காமைக்குத்தான்.

சனிக்கிழமை காலை அவன் வேலைக்குப் புறப்பட்டான். சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழம் பிடுங்கி முடிகிற தறுவாய். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டான்.

"எத்தினை மணிக்கு?"

"நாலு."

"எத்தினை பேர் வருவினம்?"

"இருபது எண்டு முதலாளி சின்யோரா சொன்னவ."

"எனக்கு ஒரு மணிக்கு வேலை முடியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

வருகிறேன் என்கிறானா, அதற்குள் போவதா விடுவதா என்று நீர் முடிவு செய்துகொள்ளும் என்கிறானா? அவளுக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை நின்றபடியே குடித்தாள்.

பத்து மணிக்குத் தாயும் மகளும் பல்லரோவில் நின்றார்கள். எள்ளுத் தூவிய பாண், பச்சை ஒலிவ், ஒரு பெரிய துண்டுச் சீஸ். வைனுக்கு இடையில் வாயில் போட வேறெதுவும் வேண்டாம் என்று எமிலியானா முன்னமே தீர்மானித்திருந்தாள்.

அனிற்றாவுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் இது கடைசி வருடம். இன்றைக்குக் கடையில் கிளாஸ் தட்டு ஏந்த அவளைத்தான் சின்யோரா கேட்டிருந்தார். இரண்டு நாளாக அவளும் வீட்டில் பூனைபோல் நடந்து திரிந்தாள்.

"அம்மா, சொறி. நான் வேணுமெண்டு வைக்கேல்லை."

"தெரியும். எண்டைக்கோ ஒருநாள் தெரியத்தானே வேணும்."

"அப்பா நேற்று என்னட்டை அந்தக் கார்ட்டை வாசிக்கச் சொன்னவர்."

ஒலிவ் அள்ளிக்கொண்டிருந்த கரண்டியைக் கடைக்காரனிடம் எமிலியானா திருப்பிக் கொடுத்தாள். "என்ன கேட்டவர்?"

"'ரோஸ்ஸி' எண்டால் சிவப்பு எண்டு தெரியும், 'ஷெல்தி' எண்டால் என்ன எண்டு கேட்டார். தெரிஞ்செடுத்தது எண்டன். அப்ப ஆர் தெரிஞ்செடுத்தது, சின்யோராவோ எண்டார். இல்லை அப்பா, அம்மா எண்டன்."

"அதுக்கு?"

"கார்ட்டைத் தந்திட்டுப் பல்லுத் தீட்டப் போயிட்டார்."

"கோவமோ?"

அனிற்றா கொஞ்சம் யோசித்தாள். "கோவமெண்டால் ரீவீச் சத்தத்தைக் கூட்டி விடுவார். நேற்று கூட்டேல்லை."

வைன் கடை, வியா மக்வேதாத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. சுவரெல்லாம் போத்தல். நடுவில் இருந்த பெட்டிகளை ஒதுக்கி இருபத்தொரு கதிரை போட்டார்கள்.

சின்யோரா லொரெதானாவுக்கு எழுபத்தொரு வயது. கடை அவருடைய தகப்பனுடையது. மூன்று வருடத்துக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் திறந்த போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து பிழை என்று சண்டை பிடித்தார். சின்யோரா மணந்து பார்த்து, பிழையில்லை என்றார். நிலம் துடைத்துக்கொண்டிருந்த எமிலியானா, "மன்னியுங்கள், ஈரமான காகிதப்பெட்டி மணம் வருகிறது" என்றாள். சின்யோரா இன்னொரு தடவை மணந்தார். தக்கை பழுதான போத்தல்தான். அன்றிலிருந்து புதிதாக எந்த வைன் வந்தாலும் ஒரு கிளாஸ் எமிலியானாவுக்கு முன்னால் வைக்கப்பட்டது. மற்றப் பக்கத்தில் துப்புவதற்கு ஒரு சாடி.

"ஒன்பதாம் திகதி ஆஸ்பத்திரியில் என் முழங்காலை வெட்டித் தைக்கிறார்கள்" என்றார் சின்யோரா, கதிரைகளை எண்ணியபடி. "மூன்று மாதம் ஏணியில் ஏற முடியாது. நிற்கவும் முடியாது. அதற்குப் பிறகும் பழைய ஆளாக வருவேன் என்று நினைக்கவில்லை. கடையை உன்னிடம் தரலாம் என்பது என் எண்ணம். ஆனால் நான் மட்டும் நினைத்துப் போதாது. உன் சொல்லைக் கேட்டு ஆட்கள் போத்தலை எடுத்துப் போகவேண்டும்."

"அவ்வொகாத்தோவும் வருகிறாரா?"

"முதல் வரிசையில் இருப்பார்."

அவ்வொகாத்தோ என்று எல்லாரும் அழைக்கும் அந்த ஓய்வுபெற்ற வழக்கறிஞர் இருபது வருட வாடிக்கை. எமிலியானா கடையில் தனியாக நின்றால், "சின்யோரா வரட்டும்" என்று சொல்லி வாசலில் காத்திருப்பார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் சொல்லமாட்டார். காத்திருப்பார், அவ்வளவுதான்.

"விலை கூடியதைக் கடைசியில் வை" என்றார் சின்யோரா. "உனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று சொல். கடைசியாகக் கேட்டதைத்தான் ஆட்கள் வாங்குவார்கள்."

"எனக்கு மிகவும் பிடித்தது அதில்லையே."

சின்யோரா அவளைப் பார்த்தார். பிறகு, "உன் பெயரைத்தானே அச்சடித்தேன், என் பெயரையா?" என்று முணுமுணுத்துவிட்டுக் கிளாஸ் துடைக்கப் போனார்.

நான்கு மணிக்குக் கதிரைகள் நிறைந்தன. கடைசி வரிசையில் கதவோரம் இருந்த ஒன்று மட்டும் வெறுமை. எமிலியானா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் வழக்கமான சின்னச் சிலுவை. கையில் குறிப்பு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"இது ஏழு யூரோ" என்று தொடங்கினாள். அவளுடைய இத்தாலியன் மெதுவானது, ஆனால் சரியானது. "நேரோ தாவொலாத் திராட்சை. மரப்பீப்பாய்க்குள் இருந்ததில்லை, பழத்தின் சுவை மட்டும்தான். இதை வாங்கிக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்காதீர்கள். இன்றைக்கு வாங்கினால் இன்றைக்கே திறவுங்கள். தக்காளி போட்டுச் சமைத்த எதற்கும் பொருந்தும். ஏழு யூரோவுக்கு இதைவிட நல்லது இந்தக் கடையில் இல்லை. இருந்தால் அதைத்தான் கொண்டுவந்திருப்பேன்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். அனிற்றா தட்டோடு வரிசைகளுக்கு இடையில் போனாள். அவ்வொகாத்தோ கிளாஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

இரண்டாவது பதினொரு யூரோ. வித்தோரியா ஊர்ப்பக்கத்து ஃப்ராப்பாத்தோத் திராட்சை.

"சிவப்பு வைனை மீனோடு குடிக்கக் கூடாது என்று எனக்கு இந்தக் கடையில்தான் சொல்லித் தந்தார்கள்" என்றாள். சின்யோரா தலையாட்டினார். "இதற்கு அது சரிவராது. அரை மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, சாளை மீன் போட்ட பாஸ்தாவோடு குடித்துப் பாருங்கள். நான் என்னுடைய மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த கணவாய்க் கறியோடு வைத்துப் பார்த்தேன். தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள் எல்லாம் போட்ட கறி. மற்ற நாலும் அந்த உறைப்புக்கு முன்னால் கசந்து போயின. இது மட்டும் நின்றது."

அந்த நேரம் கதவு திறந்தது. அகஸ்ரின் உள்ளே வந்தான். வேலை உடுப்பு, கையில் தொப்பி. குளிக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கதவோரக் கதிரையில் அமர்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்தான்.

அவள் ஒரு வசனத்தைத் திருப்பிச் சொன்னாள். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது பதினாறு யூரோ. பெர்ரிக்கோனே என்ற திராட்சை, பலெர்மோவுக்குப் பின்னால் உள்ள மலைகளில் விளைவது. அதைச் செய்தவர் வீத்தோ. வெயிலில் கறுத்த கழுத்தோடு நடு வரிசையில் கைகட்டி இருந்தார்.

"இது எல்லாருக்கும் உடனே பிடிக்காது. துவர்ப்பு" என்றாள். "என் நாட்டில் ஒரு பழம் இருக்கிறது. அதற்கு இத்தாலியனில் பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. தின்றால் நாக்கு ஊதா நிறமாகிவிடும். வாயின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும். ஆனாலும் இன்னொன்று எடுப்போம். நாவல். இந்த வைனை வாயில் வைத்ததும் எனக்கு அதுதான் வந்தது."

வீத்தோ கையைப் பிரித்து, "நாவல்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

அனிற்றா தட்டோடு கடைசி வரிசைக்குப் போனாள். தகப்பனைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் தட்டை நீட்டினாள். அகஸ்ரின் கையை நீட்டி, தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்தான்.

அனிற்றா அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

எமிலியானா முன்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். அவன் கிளாஸை மூக்கடிக்குக் கொண்டுபோனான். கண்ணை மூடினான். அப்படியே வைத்திருந்தான்.

"இதோடு..." என்றாள். அடுத்த சொல் வரவில்லை. இதோடு என்ன சாப்பிடுவது என்று காலையில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது ஒன்றும் இல்லை. இருபது பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆட்டிறைச்சி" என்று சின்யோரா பக்கத்திலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

"ஆட்டிறைச்சி" என்றாள் எமிலியானா. "சுட்ட ஆட்டிறைச்சி."

அகஸ்ரின் கண்ணைத் திறந்தான். கிளாஸைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தான். அந்தப் பெண் இரண்டாவது கிளாஸ் கிடைத்த மகிழ்ச்சியில் நன்றி சொன்னாள். எமிலியானாவுக்கு மூச்சு வந்தது. சீஸ் பற்றியும் ஏதோ சொன்னாள்.

நான்காவது இருபத்துநான்கு யூரோ, எத்னா எரிமலைச் சரிவிலிருந்து வந்தது. "நிறத்தைப் பார்த்து இதைத் தண்ணீர் என்று நினைக்காதீர்கள்" என்றாள். "நிறம் மெல்லியது. மணம் மெல்லியதில்லை. புளிப்பான செரிப்பழம், அதற்குப் பின்னால் அணைந்த அடுப்பு. காளானோடு, முயலோடு குடிக்கலாம். ஒரு போத்தலை இரண்டு பேர் ஆறுதலாக இருந்து குடிக்கவேண்டும். பத்துப் பேர் வந்த விருந்தில் திறந்தால் வீண்."

அப்போதுதான் அவ்வொகாத்தோ கையை உயர்த்தினார்.

"சின்யோரா எமிலியானா, ஒரு கேள்வி." அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை. "நீங்கள் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டில், உங்கள் மேசையில், கணவரோடு சாப்பிடும்போது, இந்த ஐந்தில் எதைத் திறக்கிறீர்கள்? எனக்கு அதுதான் தெரியவேண்டும்."

கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி இல்லை. நியாயமான கேள்வி. ஒரு பொய் சொன்னால் முடிந்துவிடும். ஃப்ராப்பாத்தோ என்று சொல்லலாம். அகஸ்ரின் இல்லாத இடமென்றால் சொல்லியும் இருப்பாள்.

"ஒன்றையும் திறப்பதில்லை" என்றாள்.

"ஒன்றையுமா?"

"எங்கள் வீட்டில் வைன் இல்லை."

கதிரைகளில் ஒரு சின்ன அசைவு. அவ்வொகாத்தோவின் புருவம் உயர்ந்தது. தன் வீட்டில் வைக்காததை எங்களுக்கு விற்கிறாளா என்று அங்கே நாலு பேராவது நினைத்திருப்பார்கள். சின்யோரா லொரெதானா எழும்ப முயன்றார், முழங்கால் விடவில்லை.

கடைசி வரிசையில் அகஸ்ரின் எழுந்து நின்றான். அவனுடைய இத்தாலியன் மண்டரின் தோட்டத்தில் கற்றது. பாதி சிசிலியன், வினைச்சொற்கள் எல்லாம் ஒரே வடிவில் வரும்.

"நான் கணவன்" என்றான். "வைன் இல்லாதது என்னால். நான் குடிக்க முடியாத ஆள். முந்தி நிறையக் குடித்த ஆள். இப்போது நான்கு வருடம் குடி இல்லை. அதனால் அவள் வீட்டில் திறப்பதில்லை. அவளுக்குத் தெரியாததால் இல்லை."

தொப்பியைக் கையில் ஒருதரம் திருப்பினான். வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று யோசிப்பவன்போல நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

யாரும் கை தட்டவில்லை. ஒருவர் இருமினார். அவ்வொகாத்தோ திரும்பி அகஸ்ரினைப் பார்த்து, தலையைச் சற்றே தாழ்த்தினார். பின்பு முன்னால் திரும்பி, "அப்படியானால் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்கிறேன்" என்றார். "குடிப்பதற்கு இல்லை. பிடித்தது."

"இரண்டாவது" என்றாள் எமிலியானா. "பதினொரு யூரோ. ஆனால் ஐந்தாவதையும் பாருங்கள், அதற்குப் பிறகு சொல்லுங்கள்."

ஐந்தாவது நாற்பத்தைந்து யூரோ. நோத்தோப் பக்கத்து நேரோ தாவொலா, பத்து வருடம் கிடந்தது. முதலாவது போத்தலும் இதுவும் ஒரே திராட்சை என்று அவள் சொன்னபோது இரண்டு மூன்று பேர் நம்பாமல் பார்த்தார்கள். "விலை கூடியது என்பதற்காக இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்" என்றாள். "வாங்கியவர் அவசரத்தில் குடித்துவிடுவார். நீங்களும் கூட இருந்து குடிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கொடுங்கள்."

ஆறரை மணிக்குள் ஆட்கள் கலைந்தார்கள். ஃப்ராப்பாத்தோ ஒரு போத்தலும் மிச்சமில்லை. அவ்வொகாத்தோ அதில் மூன்று எடுத்தார். ஐந்தாவதிலும் ஒன்று கேட்டார், எமிலியானாவிடமே கேட்டு, அவளிடமே பை வாங்கிப் போனார்.

அனிற்றா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். சின்யோரா கதிரையில் காலை நீட்டி அமர்ந்து, "விலை கூடியதில் இரண்டுதான் போயிருக்கிறது" என்றார்.

"தெரியும்."

"அடுத்த கிழமை அந்த இருபது பேரும் திரும்ப வருவார்கள். அதுவும் தெரியும்தானே?" சின்யோரா முழங்காலைத் தடவினார். "ஒன்பதாம் திகதியிலிருந்து கடை உன் பொறுப்பு. கணக்கரிடம் சொல்லி உன் பெயரில் புதுக் கொன்ட்ராத்தோ, ஒப்பந்தப் பத்திரம், எழுதச் சொல்கிறேன். நான் திரும்பி வந்தாலும் ஓரமாக இருந்து புறுபுறுப்பேன், அவ்வளவுதான். விருப்பமா? யோசிக்க நேரம் வேண்டுமா?"

"வேண்டாம்" என்றாள் எமிலியானா. "விருப்பம்."

அந்தச் சொல் இவ்வளவு கெதியாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அகஸ்ரினும் வீத்தோவும் நின்று கதைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வீத்தோ அகஸ்ரினின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த இடத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அகஸ்ரின் கையால் காற்றில் ஒரு கிளையை வெட்டிக் காட்டினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அனிற்றா முன்னால் நடந்தாள், போனைப் பார்த்தபடி. கடைகளில் விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. தாயும் தகப்பனும் பின்னால் வந்தார்கள்.

"நீங்கள் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை" என்றாள் எமிலியானா.

"ஏன், பொய்யோ?"

"அத்தினை பேருக்கு முன்னாலை."

"செவ்வாய்க்கிழமையளிலை ஆக்களுக்கு முன்னாலை சொல்லுறன்தானே. இவையள் கொஞ்சம் வடிவா உடுத்திருக்கினம், வேறை என்ன."

இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தார்கள்.

"அந்தக் கிளாஸை ஏன் எடுத்தனீங்கள்?"

"நீர் நாவல் எண்டீர். இருக்கோ எண்டு பார்த்தன்."

"இருந்ததோ?"

"இருந்தது. அச்சொட்டா இருந்தது." அவன் தொப்பியை மற்றக் கைக்கு மாற்றினான். "பேந்து ஒரு வாய் குடிக்க வேணும்போலை வந்திட்டுது. அதுதான் அந்த மனிசியிட்டைக் குடுத்தனான்."

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எமிலி. சின்யோரா இண்டைக்கு உம்மடை மூக்கைப் பற்றி எனக்குச் சொன்னவ. கடவுள் குடுத்த வரமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடவுள் எங்கை குடுத்தவர். அது நான் குடுத்தது."

எமிலியானா நின்றுவிட்டாள்.

"பின்னேரத்திலை நான் படியேறி வரேக்கை கதவடியிலை நிப்பீர். பையை வாங்கிற மாதிரி கிட்ட வந்து மணந்து பார்ப்பீர். பியரோ, வைனோ, எத்தினை மணிக்குக் குடிச்சது எண்டு எல்லாம் உமக்குத் தெரியும். பெருஞ்சீரகம் சப்பிக்கொண்டு வந்தாலும் தெரியும். மண்டரின் தோலைச் சப்பிக்கொண்டு வந்தாலும் தெரியும். எனக்கு அப்ப அது எரிச்சல். இண்டைக்கு அங்கை இருந்து கேட்டுக்கொண்டிருக்கேக்கைதான் விளங்கினது, எத்தினை வருசம் நீர் அப்பிடி நிண்டிருக்கிறீர் எண்டு."

அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வழியில் போகிறவர்கள் இருவரையும் விலத்திப் போனார்கள்.

"மண்டரின் தோல் எண்டால் எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தான்" என்றாள் கடைசியில்.

அகஸ்ரின் சிரித்தான். இரண்டு நாளுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்தாள். திரும்ப நடக்கத் தொடங்கினார்கள்.

"அந்த வீத்தோ என்னை வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டவர்" என்றான்.

"என்ன வேலை?"

"திராட்சைக் கொடி வெட்டுறது, கட்டுறது, பழம் பிடுங்கிறது. அவரிட்டை இருந்த கிழவர் வேலையை விட்டிட்டாராம். வருசம் முழுக்க வேலை, கொன்ட்ராத்தோ போட்டு. தோட்டத்துக்குள்ளை ஒரு வீடும் இருக்காம்."

வருடம் முழுக்க. எமிலியானாவுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். மண்டரின் வேலை சித்திரையோடு முடியும். பிறகு ஐப்பசி வரை நிரந்தரமாக ஒன்றும் இல்லை. அவன் முன்பு மிக அதிகமாகக் குடித்தது அந்த மாதங்களில்தான். இந்த நான்கு வருடமும் கோடைகாலம் வந்தால் அவளுக்கு நித்திரை குறைவு.

"எங்கை?"

"கம்போரேயாலேப் பக்கம். பஸ்ஸிலை ஒண்டரை மணித்தியாலம்."

"வைன் வடிக்கிற இடம்?"

"அதே வளவுக்குள்ளைதான்" என்றான், அவளைப் பார்க்காமல். "எனக்குத் தோட்டத்து வேலை மட்டும். உள்ளை போகத் தேவையில்லை எண்டு அவரே சொன்னவர். நான் அங்கை சொன்னதைக் கேட்டவர்தானே."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வீட்டிலை கேட்டுச் சொல்லுறன் எண்டன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுப்பாராம்."

"உங்களுக்குப் போக விருப்பமோ?"

"விருப்பம்."

தயங்காமல் வந்தது அந்தப் பதில். நான்கு வருடமாக எதைச் செய்யமாட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன். ஒன்று வேண்டும் என்று அவன் சொல்லி அவள் கடைசியாகக் கேட்டது எப்போது என்று நினைவில்லை. தோட்டத்துக்குள் வீடு. ஒன்றரை மணித்தியாலம். அனிற்றாவின் பரீட்சை ஆனியில். ஒழுங்கையில் இருக்கும் கடை, காலை ஒன்பது மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை.

"நான் சின்யோராவுக்கு ஓம் எண்டிட்டன்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"கடையை என்னட்டைத் தாறா. ஒன்பதாம் திகதியிலையிருந்து. என்ரை பேரிலை."

"மெய்யோ?" அவனுடைய முகம் முழுவதும் மலர்ந்தது. "அப்ப நல்லதுதானே, எமிலி. நல்ல விசயம்தானே."

பிறகுதான் அவனுக்கு மற்றது எட்டியது: கடை இங்கே, தோட்டத்து வீடு அங்கே. மலர்ந்த முகம் அப்படியே இருக்க, கண்கள் மட்டும் அவளை விட்டுத் தெருவைப் பார்த்தன. அவளும் தெருவைப் பார்த்தாள். பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள், கால்கள் முன்னைவிட மெதுவாக.

சந்தியில் அனிற்றா போனைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். இருவருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, திரும்பவும் சண்டையோ? என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.